நெடுந்தூர ஓட்டம்: முதல் நாளிலிருந்து மாரத்தான் வரை, படிப்படியாக

ஆசையாக ஓடத் தொடங்கி இரண்டே மாதத்தில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். சோம்பலால் விடுகிறவர்களைவிட முழங்கால் வலியாலும் குதிகால் வலியாலும் விடுகிறவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னும் சிலர், தினமும் மூச்சு முட்ட ஓடி ஓடி, ஓட்டம் என்றாலே வெறுத்துப்போய் நிறுத்துகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அந்த உடம்பு அன்றைக்குத் தாங்கக்கூடியதைவிட அதிக வேகம். அதனால் இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே விஷயம் ஓடிக்கொண்டிருக்கும்: பெரும்பாலான நாட்கள் மெதுவாக ஓட வேண்டும். நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக.

வேலை, வீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் நேரம் ஒதுக்கக்கூடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்று ஐந்து நிமிடம்கூட ஓட முடியாதவர் இரண்டு, மூன்று மாதத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடலாம். எட்டு, ஒன்பது மாதத்தில் அரை மாரத்தான் (21.1 கி.மீ.). முழு மாரத்தானுக்கு (42.195 கி.மீ.) ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடச் சீக்கிரம் முடிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அவசரத்துக்கு விலை பெரும்பாலும் காலில்தான் போய் முடியும்.

படி 1: தொடங்கும் முன்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், நீண்ட நாள் உடற்பயிற்சியே இல்லாதவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நெருங்கிய உறவில் யாருக்காவது இளம் வயதிலேயே மாரடைப்பு வந்திருப்பவர்கள், முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வயது என்னவாக இருந்தாலும், ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. கொஞ்சம் நின்று மூச்சுவிட்டுத் தொடரலாம் என்று நினைக்காமல் உடனே சிகிச்சைக்குப் போங்கள்.

படி 2: ஷூ

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலில் மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். ஷூவைப் பற்றி அளவுக்கு மீறி யோசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான். அதற்காக நீங்களும் வெறுங்காலில் தொடங்க வேண்டாம். சிறுவயதிலிருந்து அப்படியே ஓடிப் பழகிய கால் வேறு, நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய கால் வேறு.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பாதத்தின் அகலமான பகுதி பக்கவாட்டில் நசுங்கக் கூடாது, குதிகால் உள்ளே வழுக்கக் கூடாது. கடைக்குள்ளேயே கொஞ்சம் ஓடிப் பாருங்கள். போட்ட நிமிடத்திலிருந்தே வசதியாக இருப்பதுதான் நல்ல ஷூ. "போகப் போகப் பழகிவிடும்" என்று யாராவது சொன்னால் வேறு ஜோடி கேளுங்கள். ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை வரும். மேலே பார்க்கப் புதிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மெத்தை அதற்குள் அமுங்கிப் போயிருக்கும்.

படி 3: முதல் மூன்று மாதம், நடையும் ஓட்டமும்

வாரத்தில் மூன்று நாள், நடுவே ஒரு நாளாவது இடைவெளி. முதலில் ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. கடைசியில் ஐந்து நிமிடம் நடந்து முடியுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு இது போதும்.

மூன்றாம், நான்காம் வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஐந்தாம், ஆறாம் வாரம் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஏழாம், எட்டாம் வாரம் எட்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அதற்குப் பிறகு நடையைக் குறைத்துக்கொண்டே வந்து, பத்தாவது வாரத்தையொட்டி அரை மணி நேரத்தைத் தொடர்ந்து ஓடிப் பாருங்கள். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தை இன்னொரு முறை செய்யுங்கள். அதில் எந்த நஷ்டமும் இல்லை.

நடப்பதைக் குறைவாக நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலவே, ஓட்டத்துக்கு நடுவே திட்டமிட்டு நடக்கும் முறையைத்தான் பல்லாண்டுகளாகச் சாமானிய ஓட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த முறையில் மாரத்தான் முடித்தவர்கள் நிறையப் பேர். களைத்துப்போய் வேறு வழியில்லாமல் நடப்பதும், களைப்பு வரும் முன்னே திட்டப்படி நடப்பதும் ஒன்றல்ல.

இந்தக் கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்தாறு வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடும். இதயமும் நுரையீரலும் அவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்ளும். தசையை எலும்போடு இணைக்கும் நாண்களும் எலும்பும் அப்படி இல்லை, அவை தேறிவர மாதக்கணக்கில் ஆகும். அதனால் "இன்னும் ஓடலாம்" என்று மூச்சு சொல்லும் நேரத்தில் கால் தயாராக இருக்காது. புதியவர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் வருகிறது. முதல் ஆறு மாதம் உங்கள் பயிற்சியின் எல்லையை எலும்பையும் நாண்களையும் வைத்து முடிவு செய்யுங்கள், மூச்சை வைத்து அல்ல.

படி 4: மெதுவாக ஓடக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பலரும் தாண்டிப் போய்விடுகிற படியும் இதுதான்.

எப்படி ஓடினால் மெதுவான ஓட்டம்? பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வார்த்தை வார்த்தையாகத் துண்டித்துப் பேச வேண்டியிருந்தால் வேகம் அதிகம். தனியாக ஓடுகிறவர்கள் தெரிந்த ஒரு பாட்டின் இரண்டு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். நடுவில் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணில் சொன்னால், 10 கிலோமீட்டரை அதிகபட்ச முயற்சியில் 60 நிமிடத்தில் ஓடக்கூடியவர், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம், சாதாரண நாட்களில் கிலோமீட்டருக்கு 7 முதல் 7.30 நிமிடம் வரை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை கேட்கும்போது யாருமே இதை நம்புவதில்லை.

கையில் கட்டியிருக்கும் வாட்ச் இதயத்துடிப்பைக் காட்டும், நல்லதுதான். ஆனால் 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை உங்கள் அதிகபட்சத் துடிப்பு என்று அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பலபேருடைய சராசரி. ஒரு தனி மனிதருக்குப் பத்து, பதினைந்து துடிப்பு முன்னே பின்னே இருக்கலாம். போதாததற்கு, மணிக்கட்டில் அளக்கும் வாட்ச் சில நேரம் துடிப்புக்குப் பதிலாக உங்கள் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு காட்டும். பேச்சுச் சோதனை இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது.

மெதுவாக ஓடினால் உள்ளே என்ன நடக்கிறது? தசையைச் சுற்றி நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. உணவையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஆற்றலாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியா தசை செல்களுக்குள் அதிகமாகின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. சர்க்கரையை மிச்சம் பிடித்துக் கொழுப்பை எரிக்க உடம்பு பழகுகிறது. இவை எல்லாம் நீண்ட நேரம், அடிக்கடி ஓடுவதால் வருபவை. தினமும் முக்கி முக்கி ஓடினால் அந்த நேரத்தையும் தூரத்தையும் தொடவே முடியாது, அதற்கு முன்பே உடம்பு சோர்ந்துவிடும்.

இதை உலகத்துக்குக் காட்டியவர் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். தன் மாணவர்களை, அவர்கள் ஓடும் போட்டி எதுவாக இருந்தாலும், முதலில் மாதக்கணக்கில் வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் நிதானமாக ஓடவைத்தார். 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் ஸ்னெலும் ஞாயிற்றுக்கிழமைகளில் 35 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் ஸ்னெல் 800 மீட்டரிலும், மற்றொரு மாணவர் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். மாரத்தானில் மூன்றாவதாக வந்த பாரி மாகியும் அவர் தயார் செய்தவர்தான். அந்தத் தூரம் நமக்கு வேண்டாம், அதன் வரிசை மட்டும் வேண்டும்: முதலில் அடித்தளம், அப்புறம்தான் வேகம்.

உங்கள் முதல் மெதுவான ஓட்டம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் கால் கனமாக இருக்கும், மூச்சு இன்னும் ஒரு தாளத்துக்கு வந்திருக்காது. அந்த நேரத்தில்தான் யாராவது ஒருவர் உங்களைத் தாண்டிப் போவார், உங்களை அறியாமலே கால் வேகம் எடுக்கும். விடுங்கள், அவர் போகட்டும். பதினைந்தாவது நிமிடத்தையொட்டித் தோள் தளரும், வியர்வை அரும்பும், மூச்சு தன்னால் ஒரு சீருக்கு வரும். முடிக்கும்போது "இன்னும் ஒரு இருபது நிமிடம் ஓடியிருக்கலாமே" என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் அன்றைக்குச் சரியாக ஓடியிருக்கிறீர்கள்.

படி 5: வாரத்தை அமைப்பது

அரை மணி நேரம் நிற்காமல் ஓட முடிந்த பிறகு வாரம் நான்கு நாளுக்கு மாறலாம். ஒரு மாதிரி:

செவ்வாய்: 5 கி.மீ. மெதுவாக
வியாழன்: 6 கி.மீ. மெதுவாக, கடைசியில் 20 விநாடி வேக ஓட்டம் நான்கு முறை, நடுவில் நன்றாக நடந்து
சனி: 4 கி.மீ. மிக மெதுவாக
ஞாயிறு: 8 கி.மீ. நெடும் ஓட்டம்

மீதி நாட்களில் இரண்டில் வலிமைப் பயிற்சி, ஒரு நாளாவது முழு ஓய்வு. கிழமைகளை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். கடினமான இரண்டு நாள் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஒரு விதி புழக்கத்தில் இருக்கிறது. இது அறிவியல் விதி கிடையாது, ஒரு கைக்கணக்கு. வாரம் 10 கி.மீ. ஓடுகிறவர் இரண்டு கி.மீ. கூட்டினால் குடி முழுகிப் போகாது. 60 கி.மீ. ஓடுகிறவருக்கு ஒரே வாரத்தில் ஆறு கி.மீ. கூடுவது அதிகமாக இருக்கலாம். நான் பரிந்துரைப்பது இதுதான்: மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், நான்காவது வாரம் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ குறையுங்கள். உடம்பு ஓட்டத்தின்போது தேறுவதில்லை, ஓய்வில்தான் தேறுகிறது. அந்த நான்காவது வாரத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அடுத்த மாதம் ஐஸ் கட்டியோடு உட்கார்கிறார்கள்.

நெடும் ஓட்டம் வாரத்தின் முதுகெலும்பு. அதைத் தூரமாகப் பார்க்காமல் நேரமாகப் பாருங்கள். அரை மாரத்தானுக்கு இரண்டு மணி நேரம் வரை, முழு மாரத்தானுக்கு மூன்று மணி நேரம், மிஞ்சினால் மூன்றரை. அதற்கு மேல் போனால் கிடைக்கும் பலனைவிடத் தேறிவர ஆகும் நாட்கள் அதிகம்.

ஒரு நாள் விட்டுப்போனால் அதை மறுநாள் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். போனது போகட்டும். காய்ச்சல் இருந்தால் ஓடவே கூடாது.

படி 6: வேகம் சேர்ப்பது

நான்கைந்து மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு, வாரத்தில் ஒரு நாள். ஒரே ஒரு நாள்தான்.

தொடங்குவதற்கு ஏற்றது ஃபார்ட்லெக். 1930-களில் ஸ்வீடன் பயிற்சியாளர் யோஸ்டா ஹோல்மேர் உருவாக்கிய முறை. ஓடிக்கொண்டே இருக்கும்போது அடுத்த மரம் வரை வேகம், அந்தத் திருப்பம் வரை மெதுவாக, மறுபடி மேட்டில் வேகம் என்று மனம்போல் மாற்றி ஓடுவது. கணக்கு கிடையாது, அதனால் அளவு மீறுவதும் குறைவு. ஒரு மாதம் இதைச் செய்த பிறகு டெம்போ ஓட்டத்துக்கு வாருங்கள். உங்களால் ஒரு மணி நேரம் முழு முயற்சியில் தாங்கக்கூடிய வேகம் எதுவோ, அந்த வேகத்தில் பத்து நிமிடம், நடுவில் மூன்று நிமிடம் மெதுவாக, மறுபடி பத்து நிமிடம். முன்னாலும் பின்னாலும் பத்துப் பதினைந்து நிமிடம் நிதான ஓட்டம். மூன்று, நான்கு வார்த்தை பேசலாம், கதை பேச முடியாது, அதுதான் அந்த வேகத்தின் அடையாளம்.

400 மீட்டர், 800 மீட்டர் என்று மைதானத்தில் செய்யும் இடைவெளிப் பயிற்சி முதல் அரை மாரத்தானுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. பலன் உண்டு, ஆனால் காயத்துக்கான வாய்ப்பும் கூடும். பதிலாக மேட்டில் ஓடுங்கள். 30 முதல் 45 விநாடி ஏறுவது, நடந்து இறங்குவது, ஆறு முறை. வேகம் குறைவாக இருப்பதால் தரையில் மோதும் அதிர்ச்சி குறைவு, தசைக்கு வேலை அதிகம்.

படி 7: ஓடும் விதம்

இதைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள், புதியவருக்குத் தேவையானது கொஞ்சம். பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழக் கூடாது, கிட்டத்தட்ட இடுப்புக்குக் கீழே இறங்கட்டும். இதற்கு எளிய வழி ஒவ்வொரு அடியின் நீளத்தையும் குறைத்துக் காலடி எண்ணிக்கையைக் கூட்டுவது. நிமிடத்துக்கு 180 காலடி என்பது போட்டி வேகத்தில் ஓடும் சிறந்த வீரர்களிடம் கண்ட எண். மெதுவாக ஓடும் உங்களுக்கு 160-க்கு மேல் இருந்தாலே சரி. கைகளை இறுக்கி மூடாதீர்கள், தோளைக் காது வரை தூக்காதீர்கள். குதிகாலா, முன்பாதமா எது முதலில் படுகிறது என்று யோசித்து மாற்றப் போவதில் பயனைவிடக் கெண்டைக்கால் வலிதான் மிஞ்சும்.

படி 8: வலிமை

வாரம் இரண்டு முறை, இருபது நிமிடம். உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நின்று முன்னால் குனிந்து நிமிர்வது, படியில் ஏறி இறங்குவது, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்துவது. எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்று செய்ய நேரம் இருக்கிறது என்றால் கெண்டைக்காலுக்கானதைச் செய்யுங்கள், ஏனென்றால் ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் பல மடங்கு சுமை அங்கேதான் இறங்குகிறது.

செய்யும் விதம்: படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள், குதிகால் வெளியே தொங்கட்டும். கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலாலும் உயரே எழும்பி, ஒரு காலைத் தூக்கிவிட்டு, மற்றொரு காலால் மூன்று விநாடி எடுத்து மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே வரை இறக்குங்கள். ஒரு காலுக்கு 12 முறை, மூன்று சுற்று. அடுத்த நாள் முழங்காலைச் சற்று மடக்கி வைத்து இதையே செய்யுங்கள், அப்போது உள்ளே இருக்கும் அடுத்த தசைக்கு வேலை போகும். ஒற்றைக் காலில் 25 முறை சிரமமில்லாமல் எழும்ப முடிகிறது என்றால் உங்கள் கெண்டைக்காலுக்கு நல்ல வலு இருக்கிறது என்று பொருள்.

படி 9: வலியை வாசிப்பது

இரண்டு தொடையும் சேர்ந்து வலிப்பது, மறுநாள் படியிறங்கும்போது தெரிவது, நடக்க நடக்கக் குறைவது: இது தசை வலி, பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும், ஒரே இடத்தில், ஓட ஓட அதிகமாகும் வலி: நிறுத்த வேண்டிய வலி. ஓடும் விதமே மாறி நொண்டத் தொடங்கினால் யோசிக்கவே வேண்டாம், நடந்து வீடு திரும்புங்கள்.

காலையில் முதல் அடி எடுத்து வைக்கும்போது குதிகாலின் அடியில் சுருக்கென்று குத்தினால் உள்ளங்கால் திசு பாதிக்கப்பட்டிருக்கலாம். முழங்கால் சில்லைச் சுற்றி வலி, படியிறங்கும்போது அதிகம் என்றால் பெரும்பாலும் தூரத்தைச் சட்டென்று கூட்டியதன் விளைவு, இடுப்பும் தொடையும் வலுப்பெற்றால் சரியாகும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்விளிம்பு நெடுக வலித்தால் இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள். ஆனால் அதே எலும்பில் ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் அதிகம், இரவில் படுத்திருக்கும்போதும் தெரிகிறது என்றால் எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். அதோடு ஒரு நாள்கூட ஓடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயிற்சி கூடும்போது மாதவிடாய் நின்றுபோனாலோ ஒழுங்கு தவறினாலோ, ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். எலும்பு பலவீனமாகும். அதை இயல்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். காரணமே இல்லாமல் வாரக்கணக்கில் சோர்வு இருந்தால் இரும்புச்சத்தையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

படி 10: சாப்பாடும் தண்ணீரும்

ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் மாரத்தான் ஓடினால் 2900 கலோரிக்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை, அதாவது கிளைகோஜன், 400 முதல் 500 கிராம், அதாவது 1600 முதல் 2000 கலோரி. மீதியைக் கொழுப்பு தரும், ஆனால் மெதுவாகத்தான் தரும். முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் காலில் ஈயம் ஊற்றியதுபோல் ஆகிறதே, ஓட்டக்காரர்கள் "சுவரில் முட்டுவது" என்கிறார்களே, அதற்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்குதான். வேகம் கூடக் கூடச் சர்க்கரைச் செலவும் கூடும் என்பதால், முதல் பாதியில் அவசரப்பட்டவர் சுவரைச் சீக்கிரமே சந்திப்பார்.

ஆகவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஜெல் (சிறு பொட்டலத்தில் வரும் சர்க்கரைக் குழம்பு), இனிப்புப் பானம், பேரீச்சை, வாழைப்பழம், எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துவருகிறதோ அது. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் ஆகும்போதே தொடங்கிவிட வேண்டும், பசி வரக் காத்திருந்தால் தாமதம். வயிற்றையும் பழக்க வேண்டும். நெடும் ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகாத எதையும் போட்டி நாளில் வாயில் வைக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் பயம் இரண்டு பக்கமும் உண்டு. குறைந்தால் வேகம் விழும், வெயிலில் ஆபத்தும்கூட. ஆனால் அளவுக்கு மீறிக் குடிப்பது அதைவிடச் சீக்கிரம் உயிருக்கு வினையாகலாம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் பலருக்கு ஓட்டம் முடியும்போது எடை கூடியிருந்தது, அவ்வளவு குடித்திருந்தார்கள். தாகம் எடுக்கும்போது குடியுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் குடித்தது போக ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். கொஞ்சம் குறைவது சரி, கூடவே கூடாது.

ஓடும்போது வலி நிவாரணி மாத்திரை போடும் பழக்கம் பரவி வருகிறது. வேண்டாம். ஐபுபுரூஃபென் வகை மாத்திரைகள், நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வெயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை வேகத்தை மறந்துவிட்டு முயற்சியை மட்டும் பாருங்கள். யாராவது ஓட்டத்தில் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல் குளிர்ந்த நீரில் உடம்பை முக்குங்கள், முடியாவிட்டால் தலையிலிருந்து நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். அந்த நிமிடங்கள்தான் உயிரைத் தீர்மானிக்கும்.

படி 11: அரை மாரத்தானும் முழு மாரத்தானும்

10 கி.மீ. வசதியாக ஓடுகிறவருக்கு அரை மாரத்தானுக்கு, அதாவது 21.1 கி.மீ.க்கு, 10 முதல் 12 வாரம் போதும். நெடும் ஓட்டம் 10-இலிருந்து 17, 18 கி.மீ. வரை போனால் போட்டி நாளில் மீதியை ஓடிவிடலாம்.

முழு மாரத்தான் அதன் இரட்டிப்பு என்று நினைக்காதீர்கள். 42.195 கி.மீ. என்ற தூரம் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921-இல் அதிகாரபூர்வ அளவானது. மனித உடம்பின் வசதியைப் பார்த்து யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. சேமித்த கிளைகோஜன் தீரும் இடத்துக்குப் பிறகும் பத்துக் கிலோமீட்டர் மிச்சம் வைக்கும் தூரம் அது. வாரம் 35, 40 கி.மீ. சில மாதங்களாக ஓடி வருகிறவர், குறைந்தது ஒரு அரை மாரத்தான் முடித்தவர், அதிலிருந்து 16 முதல் 20 வாரம் எடுத்துக்கொள்ளலாம். 28 முதல் 32 கி.மீ. ஓட்டங்கள் மூன்று போதும், அவற்றுக்கு நடுவே இரண்டு வார இடைவெளி. கடைசி நெடும் ஓட்டம் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு முடிந்துவிட வேண்டும்.

படி 12: கடைசி மூன்று வாரம்

இப்போது தூரத்தைக் குறைக்க வேண்டும். முதல் வாரம் கால் பங்கைக் குறையுங்கள், அடுத்த வாரம் பாதியைக் குறையுங்கள், போட்டி வாரத்தில் வழக்கமான தூரத்தில் மூன்றில் ஒன்று மட்டும் ஓடுங்கள். ஓடும் நாட்களையும், இடையிடையே வரும் சில நிமிட வேகத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள். பலருக்கும் இந்த வாரங்களில்தான் புதுப்புது வலி தோன்றும், "பயிற்சி போதவில்லையோ" என்று மனம் அரிக்கும். பரீட்சைக்கு முந்தின இரவு முழுப் புத்தகத்தையும் புரட்டுவதுபோல் இன்னொரு நெடும் ஓட்டம் ஓடிப் பார்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். இந்தக் கடைசி நாட்களில் புதிதாக எதுவும் சேராது, களைப்பு மட்டும்தான் சேரும்.

கடைசி இரண்டு நாள் தட்டில் மாவுச்சத்தைக் கூட்டி, கொழுப்பையும் நார்ச்சத்தையும் குறையுங்கள். எடை ஒரு கிலோ ஏறினால் கவலை வேண்டாம். கிளைகோஜன் தன்னோடு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

படி 13: போட்டி நாள்

இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பே, பழகிய உணவைச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்புக் காம்பு, விரலிடுக்கு எல்லாவற்றிலும் வாசலின் தடவுங்கள். புது ஷூ, புதுச் சட்டை எதுவும் கூடாது.

துப்பாக்கி வெடித்ததும் கூட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போகும். ஓய்வெடுத்த கால், சுற்றிலும் சத்தம், எல்லாம் சேர்ந்து திட்டமிட்ட வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், அது நடைபோலத் தோன்றும். முதல் மூன்று கிலோமீட்டரைத் திட்டத்தைவிடப் பத்து, பதினைந்து விநாடி மெதுவாக ஓடுங்கள். தண்ணீர் மேசை வரும்போது முதல் மேசையில் கூட்டம் முட்டும், கடைசி மேசைக்குப் போங்கள். காகிதக் குவளையின் விளிம்பைக் கிள்ளி மூக்குபோல் ஆக்கிக்கொண்டால் ஓடிக்கொண்டே சிந்தாமல் குடிக்கலாம். இல்லையா, நின்று நடந்து குடியுங்கள், பத்து விநாடியில் ஒன்றும் போய்விடாது.

முழு மாரத்தானில் 30 கி.மீ. வரை எதுவும் கடினமாகத் தோன்றக் கூடாது. தோன்றினால் உடனே வேகத்தைக் குறையுங்கள், அப்போதே குறைத்தால் கால் மணி நேரத்தைக் காப்பாற்றலாம். முப்பதுக்குப் பிறகு அடியின் நீளத்தைக் குறைத்து, காலடியை விடாமல் வையுங்கள். மொத்தத் தூரத்தை எண்ணாமல் அடுத்த தண்ணீர் மேசை வரை என்று மட்டும் பாருங்கள். நடக்க வேண்டியிருந்தால் மேசையில் தொடங்கி, எங்கே முடிப்பது என்று முன்பே முடிவு செய்துகொண்டு நடங்கள்.

படி 14: முடிந்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள், உட்காராதீர்கள். ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரலாம். பத்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள், ஈரத் துணியை மாற்றுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் நன்றாகச் சாப்பிடுங்கள். இரண்டாவது நாள்தான் வலி உச்சத்தில் இருக்கும், படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினால் தொடை கொஞ்சம் தப்பிக்கும்.

அரை மாரத்தானுக்குப் பிறகு ஒரு வாரம், முழு மாரத்தானுக்குப் பிறகு இரண்டு வாரம் ஓட்டத்தை மறந்துவிடலாம். நடையும் நீச்சலும் தாராளமாகச் செய்யுங்கள். வலி ஐந்தாறு நாளில் போய்விடும், ஆனால் தசைக்குள் நடந்த சேதம் ஆற வாரக்கணக்கில் ஆகும், அதனால் வலி போனதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்றாம் வாரம் 20, 30 நிமிட மெதுவான ஓட்டம், ஒருநாள் விட்டு ஒருநாள். நான்காம் வாரம் பழைய தூரத்தில் பாதி. வேகப் பயிற்சியை அதற்கும் இரண்டு வாரம் கழித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதையும் அதுவரை தள்ளி வையுங்கள்.